ஆடி பொறக்குறதுக்குள்ள ஒரே ஒரு கேம்: மருமவனுக்கு எதை வாங்கச் சொல்ல?

போன வாரம் மருமவன் போன் அடிச்சான். அக்கா மவன், வைகாசில கல்யாணம் முடிஞ்சு இப்ப தென்காசில தனிக்குடித்தனம். "மாமா, நானும் அவளும் ராத்திரி சேந்து உக்காந்து ஆட ஒரு கேம் சொல்லுங்க, துப்பறியணும், கொஞ்சம் லவ் இருக்கணும், பழைய காலத்துக் கதையா இருக்கணும், ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்"ன்னான். துப்பறியிறது அவன் ஆசை, லவ்வு அந்தப் புள்ள ஆசைன்னு நானா நெனச்சுக்கிட்டேன். விசாரிச்சா தலைகீழ். கொலை வேணும்னு கேட்டதே அவதானாம்.

நான் செங்கோட்டைல இருக்கேன், செல்போன் சர்வீஸ் கடை. சாரல் சீசன் வந்துட்டா குத்தாலத்துக்கு வர்ற கூட்டம் அருவில செல்போனை நனைச்சுட்டு நேரா நம்மகிட்டதான் வரும், அதனால பகல்ல தலை நிமிர முடியாது, ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போயி சாப்பிட்டதும் நானும் வீட்டுக்காரியும் லேப்டாப் முன்னாடி உக்காந்துருவோம். நாலஞ்சு வருஷமா இதே கதைதான். அவ கூட இருக்கிறதால நான் தேடுறதெல்லாம் கதை உள்ள கேம், அதுலயும் கேஸ் உள்ள கேம். சேல்ல வாங்கினது பாதி, மச்சான் துபாய்ல இருந்து லீவுக்கு வரும்போது அவன் கொண்டார்ற பிளேஸ்டேஷன்ல ஆடினது மீதி. அந்த தைரியத்துலதான் இதை எழுதுதேன்.

மருமவன் நெலவரத்தை முதல்ல சொல்லிருதேன், ஏன்னா அதைப் பொறுத்துதான் எல்லாம். லேப்டாப் பழசு, எட்டு ஜிபி ரேம், தனியா கிராபிக்ஸ் கார்டு கெடையாது. மழை பிடிச்சா நெட்டும் போயிரும் கரண்டும் போயிரும், அதனால பெரிய டவுன்லோடு ஆவாது. அந்தப் புள்ள ஆரியங்காவு பக்கத்துத் தமிழ்க் குடும்பம், வீட்ல தமிழ், படிச்சது பூரா மலையாளம், இங்கிலீஷ் கேட்டா நல்லாப் புரியும், ஆனா வேகமா ஓடுற எழுத்தைப் படிக்கச் சொன்னா எரிச்சல் வந்துரும். எல்லாத்தையும் விட முக்கியமான விஷயம் ஆடி. ஆடி மொத நாளே பொண்ணைக் கூட்டிட்டுப் போக அவ அம்மா வீட்ல இருந்து வந்துருவாங்க, பெறகு ஒரு மாசம் இவன் தனியாத்தான் உக்காந்திருக்கணும். ஆக, கையில இருக்கிறது மூணு வாரம். அதுக்குள்ள முடியிற கேமா இருக்கணும், பாதில நிப்பாட்டுன கதை ஆவணி வரைக்கும் ஆறிப் போயிரும்.

இன்னொண்ணு என் சொந்த அபிப்பிராயம். இந்த மாதிரி கேம்ல லவ்வு ஒரு பக்கம் கேஸு ஒரு பக்கம்னு தனித்தனியா ஓடுனா ரெண்டுமே சப்புன்னு இருக்கும். யாரைப் பிடிச்சிருக்கோ அவ மேலேயே சந்தேகமும் இருக்கணும். இவ சொல்றது நெசமா பொய்யான்னு மண்டையைப் பிச்சுக்கிட்டே அவ சிரிச்சா நாமளும் சிரிக்கணும், அப்பத்தான் கதை சூடு பிடிக்கும். இப்படி அமைஞ்ச கேம் ரொம்பக் கம்மி, விரல் விட்டு எண்ணிரலாம்.

யாரைக் கேட்டாலும் மொதல்ல சொல்றது எல்.ஏ. நோயர். 2011ல ராக்ஸ்டார் வெளியிட்டது, டீம் பாண்டைன்னு ஒரு ஆஸ்திரேலியா கம்பெனி செஞ்சது. 1947ல லாஸ் ஏஞ்சல்ஸ், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு வந்த கோல் ஃபெல்ப்ஸ்னு ஒரு போலீஸ்காரன், ரோந்துப் போலீஸா ஆரம்பிச்சு டிராஃபிக், கொலைக் கேஸுன்னு ஏறிப் போறான். இதுல விசேஷம் மூஞ்சிதான். நெசமான நடிகர்களைச் சுத்தி கேமராவா வச்சு முகத்தை அப்படியே பதிஞ்சிருக்காங்க, சாட்சி பொய் சொன்னா கண்ணு ஒரு பக்கம் ஓடும், உதட்டைக் கடிப்பான், தொண்டைல எச்சில் முழுங்குவான். அதைப் பாத்து நாம உண்மைன்னு விடணும், இல்ல சந்தேகப்படணும், இல்ல ஆதாரத்தைத் தூக்கிப் போட்டு பொய்யின்னு மடக்கணும். என் வீட்டுக்காரி இதுல கில்லி. அவ அப்பா ஆத்தாங்கரைல டீக்கடை வச்சிருந்தவரு, கடன் சொல்லிட்டுப் போற மூஞ்சியைப் பாத்தே தருவானா தரமாட்டானான்னு சொல்லிருவாளாம், சின்ன வயசுலயே. நான் ஆதாரத்தைத் தேடி நோட்டைப் பொரட்டிக்கிட்டு இருப்பேன், அவ "பொய்யி, அமுக்குங்க"ம்பா. பத்துக்கு எட்டு சரியா இருக்கும்.

ஆனா லவ்வுன்னு வரும்போது இந்த கேம் ஒரு துரோகம் பண்ணுது. கதை தெரியக் கூடாதுன்னா அடுத்த பத்தியைத் தாண்டிப் போயிருங்க.

ஃபெல்ப்ஸுக்கு கல்யாணம் ஆகி புள்ளைங்க இருக்கு. எல்சான்னு ஒரு ஜெர்மன் பாட்டுக்காரி, கிளப்ல பாடுறவ, அவகூட இவனுக்குத் தொடுப்பு. அவன் கூடவே நாம இத்தனை மணி நேரம் நடந்து, அவன் கார் ஓட்டி, அவன் நோட்ல குறிப்பு எழுதி, கடைசில பாத்தா அவன் நம்மகிட்டயே மறைச்சிருக்கான். முடிவு எடுக்க ஒரு பட்டன் கூடக் கெடையாது நமக்கு. ஊரெல்லாம் பொய் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச வீட்டுக்காரிக்கு இது தெரியலைன்னதும் வந்துச்சே ஒரு கோவம், ரெண்டு நாள் அந்த கேமை தொறக்க விடல. கதையா யோசிச்சா கெட்டிக்காரத்தனம்தான். புதுசா கல்யாணம் ஆனவங்க ராத்திரி பத்து மணிக்கு சேந்து உக்காந்து பாக்கிற சமாச்சாரமா அது? வேண்டாம் சாமி. அதோட அது பெரிய ஃபைலு, கிராபிக்ஸ் கார்டு இல்லாம இழுக்கும், பொம்பளைங்களைக் கொன்னு போட்ட கேஸெல்லாம் ரொம்பப் பச்சையா காட்டுவான். கழிச்சாச்சு.

அடுத்தது எனக்கு உசிரா பிடிச்சது, அதனாலயே ஜாக்கிரதையா பேசணும். தி கிரேட் ஏஸ் அட்டர்னி கிரானிக்கிள்ஸ். கேப்காம் கம்பெனி, ஜப்பான்ல 2015லயும் 2017லயும் தனித்தனியா வந்த ரெண்டு கேமை ஒண்ணாச் சேத்து 2021ல இங்கிலீஷ்ல விட்டாங்க. ஜப்பான்ல மெய்ஜி ராசா காலம், லண்டன்ல ஷெர்லாக் ஹோம்ஸ் காலம். ரியூனொசுகேன்னு ஒரு காலேஜ் பையன், ஒரு ஹோட்டல்ல வெள்ளைக்கார வாத்தியாரு சுடப்பட்டுச் செத்துக் கெடக்காரு, துப்பாக்கி இவன் கையில. தானே தனக்கு வாதாடி ஆரம்பிக்கிற பொழப்பு, கப்பலேறி லண்டன் கோர்ட்டு வரைக்கும் போயிருது. அங்க ஹெர்லாக் ஷோம்ஸ்னு ஒரு துப்பறிவாளர் இருக்காரு. எழுத்துப் பிழை இல்லீங்க, பேரே அதுதான்.

இந்த ஷோம்ஸ் ஒரு ஆளைப் பாத்ததும் கடகடன்னு துப்பு சொல்லுவாரு பாருங்க, தலையாட்டிக்கிட்டே கேட்டா முடிவு படு கேவலமா இருக்கும். ஆனா முழுசும் தப்பில்ல. அவரு பாத்தது சரி, ஒவ்வொரு எடத்துலயும் ஒரு வார்த்தை மட்டும் தப்பு. நாம அந்த ஆளோட சட்டைப் பை, கண்ணு போற திசை, மேசை மேல இருக்கிற பொருள்னு சுத்திப் பாத்து அந்த ஒரு வார்த்தையை மாத்தணும், மாத்துனதும் அதே துப்பு பளிச்சுனு வேற கதையாயிரும், ரெண்டு பேரும் ஸ்டெப்பு போட்டு சுத்தி சுத்தி நடக்க, இசை எகிறும். எங்க வீட்ல இதை நாங்க "அண்ணாச்சி கணக்கு"ன்னு சொல்லுவோம், எங்க தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி போடுற பில்லு இப்படித்தான் இருக்கும், எல்லா வரியும் சரியா இருக்கும் ஒரே ஒரு வரி மட்டும் இடிக்கும்.

கோர்ட்ல ஆறு ஜூரிங்க. இவன் குத்தவாளின்னு நெனச்சா நெருப்பைத் தூக்கி தராசுல எறிவாங்க. ஒருத்தர் சொன்னதையும் இன்னொருத்தர் சொன்னதையும் மோத விட்டு நாம அவங்க மனசை மாத்தணும். நம்மூர் டீக்கடை பெஞ்சுல நடக்கிற அதே சண்டைதான், அதனால ரசிச்சு ரசிச்சு ஆடுனோம். இன்னொண்ணு, அந்த வெள்ளைக்கார வக்கீலு ஜப்பான்காரன்னாலே ஏளனமா பேசுவான், ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் போட்டிருக்கேன்னு இவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாங்க. வெள்ளைக்காரன் கோர்ட்டுன்னா என்னன்னு தாத்தா சொல்லிக் கேட்ட நமக்கு அது சுருக்குன்னு தைக்கும். நட்சுமே சோசெக்கின்னு நெசமாவே 1900ல லண்டனுக்குப் படிக்கப் போன ஜப்பான் எழுத்தாளர் ஒருத்தரும் கதாபாத்திரமா வந்து படாத பாடு படுவாரு.

சரி லவ்வு? இல்ல. சுசாட்டோன்னு ஒரு பொண்ணு, இவனுக்கு சட்ட உதவியாளர், அறிவாளி, கோவம் வந்தா ஆளைத் தூக்கி தரைல அடிச்சிரும். ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ இருக்குன்னு நமக்குத் தோணிக்கிட்டே இருக்கும், பத்து கேஸு முடியிற வரைக்கும் தோணிக்கிட்டே மட்டும்தான் இருக்கும். "கடைசி வரைக்கும் அந்தப் புள்ள கையைக்கூட தொடலையே அத்தான்"னு வீட்டுக்காரி பெருமூச்சு விட்டா. இதைவிடப் பெரிய சிக்கல் நீளம். மொத்தமும் ஆடி முடிக்க எங்களுக்கு ரெண்டரை மாசம் ஆச்சு, அதுவும் மொத கேமோட முடிச்சு பலதும் ரெண்டாவது கேம்லதான் அவிழும், அதனால பாதில நிறுத்தவும் முடியாது. பேச்சுக் குரலும் அங்கங்கதான், முக்காவாசி படிக்கிற வேலை. தானா ஓடவிட்டுப் பாக்கிற கதை மோடு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்கிட்டு படம் பாக்கிற மாதிரி பாக்கலாம்தான், ஆனா பூட்டைத் தொறக்கிற சுகம் போச்சே. மருமவன் தனியா இருக்கப் போற ஆடி மாசத்துக்கு இதுதான் சரியான கேம்னு சொல்லிருக்கேன். ஜோடிக்கு இல்ல.

பென்டிமென்ட் பத்தி சொல்லலைன்னா பாவம். ஆப்சிடியன் கம்பெனி, 2022 நவம்பர். 1518ல பவேரியால டாசிங்னு ஒரு ஊரு, பக்கத்துல மடம், அங்க ஏட்டுல படம் வரையிற ஆண்ட்ரியாஸ்னு ஒரு ஓவியன். மடத்துல ஒரு பிரபு கொலையாகிறாரு, பழி இவன் குரு மேல விழுது. கேமே பழைய ஓவியப் புத்தகத்தைத் தொறந்து வச்ச மாதிரிதான் இருக்கும். குரல் கெடையாது, பேனா கீறுற சத்தம் மட்டும். ஒருத்தர் பேசுறது எழுத்தா வரும், அந்த எழுத்தே ஆளைச் சொல்லும். சாமியார் பேசினா மடத்து எழுத்து, குடியானவன் பேசினா கிறுக்கல், அச்சாபீஸ்காரன் பேசினா அச்சுக் கோத்து டப்புனு அடிக்கிற சத்தத்தோட வரும். கோவத்துல பேசினா மை தெறிக்கும். கடவுள் பேரு வர்ற எடத்தை மட்டும் காலியா விட்டுட்டு பெறகு செகப்பு மைல நிரப்பும். நம்ம பக்கம் இப்படி ஒண்ணு செஞ்சா பத்திரம் எழுதுறவருக்கு ஒரு எழுத்து, ஜோசியருக்கு ஒரு எழுத்து, ரெண்டுமே யாருக்கும் புரியாதுன்னு வச்சாத்தான் சரியா இருக்கும்.

துப்பறியிறதுக்கு நேரம் அளவா இருக்கும். மத்தியான சாப்பாட்டை யார் வீட்ல சாப்பிடுறோமோ அங்கதான் துப்பு, ஒரு வீட்ல உக்காந்தா இன்னொரு வீட்டு சேதி போச்சு. எல்லாத்தையும் தேட முடியாது, ஆனா யாரையாவது கை காட்டியே ஆகணும், காட்டுன ஆளுக்கு மரண தண்டனை, பெறகு வருஷக்கணக்கா அந்த ஊரு நம்மளை எப்படிப் பாக்குதுன்னு பாக்கணும். நாங்க கை காட்டுன ஆளு நெசமாவே செஞ்சாரான்னு இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. கேம் சொல்லவே சொல்லாது. நான் ஆடினதுலயே நெஞ்சுல நிக்கிற கேமுன்னா இதுதான், ஆனா லவ்வு ஊறுகா அளவுக்குத்தான், அதுவும் தொட்டுக்கிறதுக்குள்ள இலையை எடுத்துருவாங்க. எழுத்தைப் படிக்க சுலபமான எழுத்தா மாத்திக்கிற வசதி இருந்தாலும் மொத்தமும் படிப்புதான், அந்தப் புள்ளைக்குத் தோதுப்படாது.

இனி கொஞ்சம் வேகமா போவோம். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், லூக்காஸ் போப்னு ஒத்த ஆளு செஞ்சு 2018ல வந்தது. 1807ல கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் ஒண்ணு ஆளில்லாமத் திரும்பி வருது, கப்பல்ல இருந்த 60 பேரு யாரு, செத்தாங்களா தப்பிச்சாங்களா, செத்தா எப்படின்னு நாம கணக்கெழுதணும். இந்திய மாலுமிங்களும் உண்டு. மூளைக்கு இதைவிட நல்ல தீனி இல்ல. லவ்வுக்கு எடமில்ல, முக்காவாசிப் பேரு பொணம்.

தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல், 2022. பதினெட்டாம் நூத்தாண்டு, ஒரு தங்கச் சிலை, அதுக்காகச் சாவுற பேராசைக்காரங்க. படத்துல இருந்து வார்த்தையைப் பொறுக்கி காலி எடத்துல நிரப்புறது, செலவு கம்மி, பழைய லேப்டாப்ல ஓடும், ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டே ஆட அருமையா இருக்கும். இதுக்கு 2023ல வந்த ரெண்டு கூடுதல் பாகத்துல ஒண்ணு பேரு இலங்கைச் சிலந்தி, இன்னொண்ணு லெமூரிய ரத்தக்காட்டேரி. லெமூரியான்னதும் நான் நிமிந்து உக்காந்தேன், நம்மாளுங்க கொமரிக்கண்டம்னு மேடை மேடையா பேசின சமாச்சாரத்தை எங்கயோ லாட்வியால உக்காந்து ரெண்டு அண்ணன் தம்பி கேமாக்கியிருக்கானுவ. லவ்வு வேண்டாம், வெறும் கொலை போதும்னா நேரா இதை வாங்குங்க, யோசிக்காதீங்க.

ஜூன்ஸ் ஜர்னி பத்தி என் மதினி அடிச்சுப் பேசுவாங்க. 1920கள்ல ஜூன் பார்க்கர்னு ஒரு பொண்ணு, தங்கச்சி சாவுல ஆரம்பிச்சு துப்பறியிறா, படத்துல ஒளிஞ்ச சாமானைத் தேடணும், லவ்வு இருக்கு, நல்ல நல்ல டிரெஸ் இருக்கு. போன்லயே ஆடலாம், காசும் கெடையாது. ஆனா ஆடிக்கிட்டு இருக்கும்போதே எனர்ஜி தீந்துரும், காத்திரு இல்லைன்னா காசு கட்டுன்னு நிக்கும், அப்பப்ப தோட்டத்துல பூச்செடி நட்டு வீடு கட்டச் சொல்லும். கொலைகாரனைத் தேடிப் போற அவசரத்துல எவளாச்சும் நீரூற்று வாங்குவாளா? மதினி வாங்குறாங்க. மூணு வருஷமா ஆடுறாங்க, கதை இன்னும் முடியல, முடியவும் முடியாது, அதுதான் வியாபாரம்.

லவ்வுதான் முக்கியம், துப்பு கொறஞ்சாலும் பரவாயில்லைன்னா ஜப்பான்காரங்க ஓட்டோமேன்னு, ஒரு பொண்ணா ஆடி பல ஆம்பளைங்கள்ல ஒருத்தனைக் காதலிக்கிற வகையே வச்சிருக்காங்க. கோட் ரியலைஸ்னு ஒண்ணு, நீராவி எந்திர லண்டன், தொட்டாலே விஷமாகிற உடம்புள்ள கார்டியான்னு ஒரு பொண்ணு, சுத்தி லூப்பன், வான் ஹெல்சிங்னு கதைப் புத்தகத்து ஆம்பளைங்க. தொட முடியாத பொண்ணுக்கு காதல் கதைன்னு யோசிச்சானே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. ஆனா அது ஒருத்தர் தனியாப் படிக்கிற நாவல் மாதிரி. புருஷனை பக்கத்துல வச்சுக்கிட்டு அஞ்சு பேர்ல எவனைப் பிடிச்சிருக்குன்னு பட்டன் அமுக்குறது... மருமவன் தாங்க மாட்டான்.

இப்ப நான் மருமவனுக்கு வாங்கச் சொன்ன கேமுக்கு வாரேன். தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ். 1997ல வந்தது, பிரின்ஸ் ஆஃப் பெர்சியாங்கிற பழைய கேமைச் செஞ்ச ஜோர்டன் மெக்னரோட கேமு. பழசுன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க.

1914 ஜூலை 24, பாரிஸ்ல இருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு, அதாவது இப்பத்த இஸ்தான்புல்லுக்குப் போற ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலு. ஆஸ்திரியா இளவரசரை சுட்டு ஒரு மாசம்கூட ஆகல, இன்னும் நாலு நாள்ல ஆஸ்திரியா செர்பியா மேல போர் அறிவிக்கப் போவுது. அது நமக்குத் தெரியும், ரயில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாது. ராபர்ட் காத்னு ஒரு அமெரிக்க டாக்டர், போலீஸ் தேடுற ஆளு, ஓடுற ரயில்ல மோட்டார் பைக்ல இருந்து தாவி ஏறுறான். கூப்பிட்ட சினேகிதனோட பெட்டிக் கதவைத் தொறந்தா சினேகிதன் தரைல செத்துக் கெடக்கான். இங்கதான் கேம் நம்ம கையில வருது. மொத வேலை, பொணத்தை என்ன செய்ய? சட்டைல ரத்தம், வெளிய கண்டக்டர் உக்காந்திருக்காரு. செத்தவன் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு செத்தவன் பேரையே சொல்லிக்கிட்டு ரயில்ல நடமாடணும்.

விசேஷம் என்னன்னா கடிகாரம் நிக்காது. நெச நேரத்தைவிட ஆறு மடங்கு வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும். ரயில்ல முப்பது பேரு கிட்ட, நாம பாத்தாலும் பாக்காட்டியும் அவங்க பாட்டுக்கு சாப்பிடப் போவாங்க, சண்டை போடுவாங்க, படுக்கப் போவாங்க. நாம சாப்பாட்டுப் பெட்டில உக்காந்து ஒரு பேச்சை ஒட்டுக் கேட்டா, அதே நேரம் புகை பிடிக்கிற பெட்டில நடந்தது போச்சு. தப்புப் பண்ணி செத்தா கடிகாரத்தைத் திருப்பி பின்னால போயி மறுபடி ஆடலாம். பொண்டாட்டி புருஷன் ஆட இதைவிடத் தோதா என்ன வேணும், "நீ அப்பமே அந்தக் கதவைத் தட்டிருக்கணும்"னு சொல்லிட்டு நெசமாவே அப்பத்துக்கே திரும்பிப் போகலாம்லா! எங்க வீட்ல பத்து வருஷத்து சண்டைக்கு இந்த வசதி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்.

பாஷை இன்னொரு சொகம். பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுல பேசுறான், ரஷ்யாக்காரன் ரஷ்யன்ல, ஜெர்மன்காரன் ஜெர்மன்ல, அதுக்குக் கீழ மட்டும் இங்கிலீஷ்ல வரி ஓடும். அதை ஆடும்போது எனக்கு கொல்லம் ரயில்தான் ஞாபகம். செங்கோட்டைல ஏறும்போது பெட்டி பூரா தமிழு, மலை ஏறி குகைக்குள்ள போயி வெளிய வந்தா பாதிப் பேரு மலையாளம், பதிமூணு கண் பாலம் தாண்டுனா டீ விக்கிறவன் "சாயா"ங்கான். யாரு எந்தப் பக்கம்னு பேச்சை வச்சுத்தான் கண்டுபிடிப்போம். 1904ல போட்ட அந்த லைனு, மீட்டர் கேஜா இருந்தப்ப எங்க ஆச்சி மடில உக்காந்து போயிருக்கேன். மருமவன் பொண்டாட்டிக்கு சொல்லவே வேண்டாம், அவ பொறந்ததே அந்தத் தண்டவாளத்துப் பக்கத்துலதான்.

ரயில் பெட்டிக்குள்ள அரசியல் கொலைன்னா எங்க ஊருக்காரனுக்கு தனியா விளக்கவும் வேண்டாம். 1911 ஜூன் 17, மணியாச்சில நின்ன ரயில்ல கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சி செங்கோட்டைக்காரர்தான, சிலை கடைக்குப் போற வழிலதான் நிக்கி. அந்த கேம்ல செர்பியாக்கார இளவட்டங்க ஒரு பெட்டில கூடிக் குசுகுசுன்னு பேசுறதைக் கேக்கும்போது, வெள்ளைக்காரன் செஞ்ச கேமாவே தோணல. மூணு வருஷ வித்தியாசம்தான், அதே கொதிப்பு.

இப்ப லவ்வு. அன்னா உல்ஃப்னு ஒரு ஆஸ்திரியாக்காரி, வயலின் வாசிக்கிறவ, கூட ஒரு நாயி. அழகி, கெட்டிக்காரி, வெறும் வயலின்காரி இல்லைங்கிறது சீக்கிரமே வெளிய வந்துரும். அவ சாப்பிடப் போன நேரம் பாத்து ஓடுற ரயிலோட ஜன்னலுக்கு வெளிய தொத்திக்கிட்டுப் போயி அவ பெட்டிக்குள்ள எறங்கி சாமானைக் கெளறணும். பெறகு அவ எதிர்ல உக்காந்து ஒண்ணும் தெரியாத மாதிரி பேசணும். அவளும் நம்மளைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி பேசுவா. நான் மேல சொன்னேன்ல, பிடிச்சவ மேலேயே சந்தேகம்னு, அது இதுல ஒவ்வொரு பேச்சுலயும் இருக்கு.

ஒரு எடம் மட்டும் சொல்லுதேன். க்ரோனோஸ்னு ஒரு பணக்காரன், தனிப் பெட்டி வச்சிருக்கான், அங்க ஒரு கச்சேரி. அவன் பியானோ, அன்னா வயலின், எல்லாரும் கூடி உக்காந்து கேக்காங்க. முழுக் கச்சேரியும் நெச நேரத்துக்கு நடக்கும். எல்லாரும் ஒரே எடத்துல மாட்டியிருக்கிற நேரம் அது ஒண்ணுதான், நாம எழுந்து போயி வேண்டியதைத் திருட வேண்டிய நேரமும் அதுதான். நான் எந்திரிச்சுப் போலாம்னு கையைக் கொண்டு போனா வீட்டுக்காரி மவுசைப் பிடிச்சுக்கிட்டா. "இருங்க அத்தான், வாசிச்சு முடிக்கட்டும்." முழுசும் கேட்டோம். வெளிய ஓட்டு மேல சாரல், உள்ள வயலின். கச்சேரி முடிஞ்சுது, காரியம் கெட்டுச்சு, பெறகென்ன, கடிகாரத்தைத் திருப்பி மறுபடி போயி, இந்தத் தடவை பாட்டைக் காதுல மட்டும் கேட்டுக்கிட்டே திருடுனோம். ஒரு கேம்ல காதலா கடமையான்னு எத்தனையோ பேரு வசனம் எழுதியிருக்கான், இதுல ஒரு வசனமும் கெடையாது, எந்திரிச்சுப் போறியா உக்காந்திருக்கியா அவ்வளவுதான்.

கொறையும் சொல்லணும். படம் நெச நடிகர்களைப் படம்பிடிச்சு அந்தக் காலத்து போஸ்டர் மாதிரி கோடு போட்டு வரைஞ்சது, பாக்க அழகு, ஆனா தொடர்ச்சியா அசையாது, ஒவ்வொரு படமா மாறும், மொத அரைமணி நேரம் கண்ணுக்கு இடிக்கும். நடக்கிறது அதைவிடக் கொடுமை, ரயில் பெட்டி நடைல திரும்பணும்னா நாலு தடவை க்ளிக்கணும், எந்தப் பக்கம் பாத்து நிக்கோம்னே கொழம்பிரும். திடீர்னு கத்திச் சண்டை வரும், சரியான நேரத்துல அமுக்கலைன்னா சாவுதான். என்ன செய்யணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க, சும்மா நின்னா ரயில் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும். முடிவு வேற... அதைச் சொல்ல மாட்டேன், வீட்டுக்காரி மறுநாள் எங்கிட்ட சரியாப் பேசல, அதோட நிறுத்திக்கிடுதேன். அஞ்சு வருஷம் உழைச்சு, ஏகப்பட்ட காசைக் கொட்டிச் செஞ்சும் வந்த காலத்துல சரியா விக்கல, இந்த முரட்டுத்தனமும் ஒரு காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது.

ஆனா மருமவன் கணக்குக்கு வச்சுப் பாருங்க. பழைய லேப்டாப்ல ஓடும், கிராபிக்ஸ் கார்டு கேக்காது. வெலை கம்மி, நெட்ல கேம் விக்கிற ஸ்டீம் கடைல கெடைக்கும், சேல் போட்டா டிபன் காசுதான். பேச்சு பூரா குரல்ல இருக்கு, பிரெஞ்சும் ஜெர்மனும் வர்ற எடத்துல மட்டும் படிச்சா போதும். தெனம் ஒரு மணி நேரம் ஆடினாலும் ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும், ஆடிக்கு முன்னாடி ஒரு வாரம் மிச்சம். ஒருவேளை அவன் லேப்டாப்ல தகராறு பண்ணினாலும் பயமில்ல, வாங்கி 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடாம இருந்தா ஸ்டீம்ல காசைத் திருப்பிக் கேக்கலாம். அந்த நடை கொழப்பம் அந்தப் புள்ளைக்கு ஒத்து வரலைன்னா உடனே திருப்பிட்டு கோல்டன் ஐடல் வாங்கிக்க, லவ்வை நீங்களே பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன்.

நேத்து ராத்திரி பதினொண்ணரைக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு. "மாமா, நான் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிட்டு வர்றதுக்குள்ள இவ பொணத்தைத் தூக்கி ஜன்னல் வழியா போட்டுட்டா. இப்ப என்ன செய்ய?"

கடிகாரத்தைத் திருப்புலன்னு பதில் போட்டேன். திருப்ப மாட்டாளாம், போலீஸ் வந்தா பாத்துக்கிடுவாளாம்.